தேர்வை நன்றாக எழுதுவது எப்படி? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன், விடைத்தாள்களும் திருத்துகிறேன். தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவதில்லை. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். படிப்பது ஒரு வேலை, படித்ததைத் தாளில் இறக்குவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையை யாரும் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லையே என்பது என்னுடைய நெடுநாள் வருத்தம்.

எல்லாம் தெரிந்திருந்தும் மார்க் குறைகிறது. ஏன்?

திருத்துகிறவருக்கு உங்களைத் தெரியாது. வகுப்பில் நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பு, எத்தனை மணிவரை விழித்துப் படித்தீர்கள் என்பதெல்லாம் அவர் மேஜைக்கு வந்து சேராது. அவர் கையில் இருப்பவை இரண்டுதான்: உங்கள் தாள், பக்கத்தில் ஒரு விடைக்குறிப்பு. 5 மார்க் கேள்வி என்றால் அந்த 5 எங்கெங்கே பிரிகிறது என்று விடைக்குறிப்பில் இருக்கும். வரையறைக்கு 1, படத்துக்கு 2, விளக்கத்துக்கு 2 என்பது போல. அந்த இடங்களைத்தான் அவர் கண் தேடும். இருந்தால் மார்க் போடுவார். இல்லாவிட்டால், போட மனம் இருந்தாலும் போட வழியில்லை.

என் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருமுறை நீண்ட விடை எழுதியிருந்தாள். அழகான விளக்கம், ஆனால் வரையறை மட்டும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன், தடங்கல் இல்லாமல் சொன்னாள். பிறகு ஏன் எழுதவில்லை என்றால், "அதுதான் எல்லாருக்கும் தெரியுமே" என்றாள். நிறையப் பேருக்கு மார்க் போவது இந்த இடத்தில்தான். தனக்குத் தெரிந்தது படிப்பவருக்கும் தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள். பாடம் தெரியாத ஒருவருக்கு எழுதுவது போல எழுதுங்கள். மிகச் சாதாரணமான வரியும் தாளில் இருக்கட்டும்.

வீட்டில் படிக்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வு அறையில் வார்த்தையே வரவில்லை. என்ன செய்வது?

நீங்கள் திரும்பத் திரும்ப வாசித்தே படிக்கிறவர் என்று நினைக்கிறேன். ஒரே பக்கத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது அது பழகிய முகம் போல ஆகிவிடும். பழக்கத்தை 'தெரியும்' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பார்த்து அடையாளம் காண்பது வேறு, பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை.

2006ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியை மாணவர்கள் இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொரு பகுதியை ஒருமுறை வாசித்து, அப்புறம் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்ததுதான் கூடுதலாக நினைவிருந்தது: 81 சதவீதம், மற்றது 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். வாசித்ததில் 42 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்ததில் 56. வாசிப்பு ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பது அந்த முதல் ஐந்து நிமிடத்தில் தெரிகிறது. படித்து முடித்த கையோடு நாமே நம்மைச் சோதித்தால் எல்லாம் பிரமாதமாக இருக்கிறது.

ஆகவே ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாள் ஒன்றை எடுங்கள். நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள், ஒழுங்கு வேண்டாம். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறத்தில் எழுதிச் சேருங்கள். அடுத்த முறை படிக்க வேண்டியது அந்த வேறு நிறப் பகுதிகளை மட்டும்தான். முதல் இரண்டு நாள் இது கஷ்டமாக, சோர்வாகக்கூட இருக்கும். தாள் பாதி காலியாக இருக்கும். அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். அந்தக் கஷ்டத்தில்தான் நினைவு ஊன்றுகிறது.

எத்தனை நாள் முன்னால் ரிவிஷன் தொடங்க வேண்டும்?

நாள் கணக்கைவிட இடைவெளிதான் முக்கியம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் பொருளே இல்லாத எழுத்துக்கூட்டங்களை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று தன்னையே அளந்து பார்த்தார். 1885ல் அதை வெளியிட்டார். முதல் நாளில்தான் மறதி மிக வேகம், போகப்போக அது மெதுவாகிறது என்று அவர் கண்டார். பொருள் புரிந்து படித்தது இதைவிட அதிக நாள் நிற்கும் என்றாலும், போகும் பாதை இதேதான்.

எனவே இன்று படித்ததை நாளை பத்து நிமிடம் பாருங்கள், பிறகு நான்கைந்து நாள் கழித்து, பிறகு இரண்டு வாரம் கழித்து. ஒரே நாளில் நான்கு மணி நேரம் உட்காருவதைவிட, நான்கு நாள் ஒவ்வொரு மணி நேரம் உட்கார்ந்தால் அதிகம் தங்கும். செலவாகும் நேரம் ஒன்றேதான்.

கணக்கை மட்டும் எப்படிப் பயிற்சி செய்வது?

கலந்து செய்யுங்கள். ஒரு பயிற்சியில் உள்ள இருபது கணக்கும் ஒரே வகையாக இருந்தால், மூன்றாவது கணக்குக்குப் பிறகு எந்த முறை என்று யோசிக்கவே வேண்டியதில்லை, கை தானாகப் போகும். தேர்வில் எந்தக் கணக்கு எந்த முறை என்று யாரும் மேலே எழுதிவைப்பதில்லை. ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் மாணவர்கள் கன அளவு காணும் கணக்குகளைச் செய்தார்கள். ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த டெஸ்டில் 20 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 63 சதவீதம். பயிற்சி நடக்கும்போது மட்டும் ஒவ்வொரு வகையாக முடித்துச் செய்தவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். இங்கேயும் அதே ஏமாற்றம்.

பழைய வினாத்தாள்களை மட்டும் படித்தால் போதுமா?

படித்தால் போதாது, எழுதிப் பார்க்க வேண்டும். கடிகாரம் வைத்து, முழு நேரமும் எழுந்திருக்காமல், குறைந்தது இரண்டு முறையாவது. மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதக் கைக்கும் பழக்கம் வேண்டும். பழகாத கை இரண்டாவது மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும், கையெழுத்தும் அப்போதுதான் கெடும்.

முந்தின நாள் இரவு முழுக்க விழித்துப் படிக்கலாமா?

வேண்டாம். பகலில் படித்தது நினைவில் உறுதிப்படும் வேலையில் முக்கியமான பகுதி தூக்கத்தில் நடக்கிறது. தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது, ஊற்றிய தண்ணீர் ஊறுவதற்குள் வழித்தெடுப்பது போல. இன்னொரு நஷ்டமும் உண்டு. தூங்காத மூளை கேள்வியைத் தப்பாக வாசிக்கும். தெரிந்த விடையைத் தப்பான கேள்விக்கு எழுதிவைக்கிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

அன்றைக்குப் புதிதாக எதையும் தொடாதீர்கள். நீங்களே எழுதிய சுருக்கக் குறிப்புகள், ஃபார்முலாக்கள், தேதிகள், இவற்றை ஒரு பார்வை. பேனா, பென்சில், அளவுகோல், நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் இரவே எடுத்துவைத்துவிடுங்கள்.

புதுப் பேனா வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் தேர்வு அன்று முதன்முதலாக எழுத வேண்டாம். ஒரு வாரமாவது எழுதிப் பழகின பேனா இரண்டு கொண்டு போங்கள்.

வினாத்தாள் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பேனாவைக் கீழே வையுங்கள். முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள், கடைசிப் பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் கேள்வி இருப்பதைக் கவனிக்காமலேயே தாளைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. எத்தனைக்கு எத்தனை எழுத வேண்டும், எது கட்டாயம், எது 'அல்லது' என்று பார்த்து, எழுதப்போகும் கேள்விகளுக்குச் சின்னதாக ஒரு குறி போடுங்கள். வினாத்தாளில் எழுதக் கூடாது என்று விதி இருந்தால் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

மறந்துவிடுமோ என்று பயப்படும் ஃபார்முலா, வருடம் ஏதாவது இருந்தால், எழுதத் தொடங்கலாம் என்று சொன்னதும் அதை ரஃப் வொர்க் பக்கத்தில் எழுதிவையுங்கள். அதைச் சுமந்துகொண்டே மற்றக் கேள்விகளை எழுத வேண்டாம், மனம் லேசாகும்.

நேரம் போதவே மாட்டேன் என்கிறது!

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 மணி நேரம், 100 மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 180 நிமிடம். வாசிக்க 10, கடைசியில் சரிபார்க்க 15. மிச்சம் 155. அதாவது ஒரு மார்க்குக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். 2 மார்க் கேள்விக்கு 3 நிமிடம், 5 மார்க்குக்கு ஏழெட்டு நிமிடம், 10 மார்க்குக்கு 15 நிமிடம். உங்கள் தேர்வின் நேரமும் மார்க்கும் வேறாக இருந்தால் வீட்டிலேயே இந்த வகுத்தலைச் செய்துவிட்டுப் போங்கள். தேர்வு அறையில் போட வேண்டிய கணக்கு இல்லை இது.

நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நன்றாகத் தெரிந்த கேள்வியில்தான். தெரிந்தது என்பதால் ஆசையாக மூன்று பக்கம் எழுதுகிறோம். 5 மார்க் கேள்விக்கு எவ்வளவு எழுதினாலும் 5க்கு மேல் கிடையாது. ஒரு விடையில் முதல் மூன்று மார்க் சீக்கிரம் வந்துவிடும், கடைசி ஒன்றைப் பிடிக்கத்தான் நேரம் இழுக்கும். அந்த ஒரு மார்க்குக்காகப் பத்து நிமிடம் செலவழித்துவிட்டு, கடைசியில் இரண்டு கேள்விகளைத் தொடாமலே தாளைக் கொடுத்தால் நஷ்டம் பத்து மார்க். அந்த இரண்டையும் பாதியாவது எழுதியிருந்தால் ஐந்தாறு மார்க்காவது கிடைத்திருக்கும். ஒரு கேள்விக்கு ஒதுக்கிய நேரம் முடிந்ததா, கொஞ்சம் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.

எந்த வரிசையில் எழுதுவது?

நன்றாகத் தெரிந்ததில் தொடங்குங்கள். அது உங்களுக்குத் தைரியம் தரும், திருத்துகிறவருக்கும் நல்ல முதல் பார்வையாக அமையும். ஆனால் ஒரு பகுதியின் விடைகளை முடிந்தவரை ஒரே இடத்தில் எழுதுங்கள். கேள்வி எண்ணை வினாத்தாளில் உள்ளபடியே போடுங்கள். எண் தப்பினால் சரியான விடையும் தப்பாகத் தெரியும்.

கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்வது எப்படி?

கேள்வியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். தமிழில் அந்த வசதி உண்டு, என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை பெரும்பாலும் கடைசியில்தான் நிற்கும். 'பட்டியலிடுக' என்றால் பெயர்கள் போதும், விளக்கம் எழுதினால் நேரம்தான் வீண். 'விளக்குக' என்றால் எப்படி, ஏன் என்பது வேண்டும், வெறும் பெயர்கள் போதாது. 'காரணம் கூறுக' என்றால் என்ன நடக்கிறது என்பதைத் திரும்பச் சொல்லக் கூடாது, எதனால் நடக்கிறது என்று சொல்ல வேண்டும். 'மதிப்பிடுக' என்றால் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு உங்கள் முடிவையும் சொல்ல வேண்டும். அந்த முடிவு இல்லாத விடைகள்தான் அதிகம் வருகின்றன.

அதிகம் தப்புவது 'வேறுபடுத்துக'. ஒளிச்சேர்க்கையையும் சுவாசத்தையும் வேறுபடுத்தச் சொன்னால், முதல் பாராவில் ஒளிச்சேர்க்கையைப் பற்றி எல்லாவற்றையும், இரண்டாவது பாராவில் சுவாசத்தைப் பற்றி எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார்கள். அது இரண்டு தனிக் குறிப்புகள். வேறுபாடு என்றால் ஒவ்வொரு வரியும் எதிரெதிராக நிற்க வேண்டும். ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும், சுவாசம் ஒளி இல்லாமலும் நடக்கும். அது கார்பன் டை ஆக்சைடை எடுத்து ஆக்சிஜனை வெளிவிடும், இது ஆக்சிஜனை எடுத்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். அது பசுங்கணிகத்தில் உணவைக் கட்டுகிறது, இது உணவைச் சிதைத்து ஆற்றலை எடுக்கிறது. நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு பத்தியாக எழுதினால் இது தானாக அமையும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். 'ஏதேனும் நான்கு' என்றால் நான்கு. ஐந்தாவதுக்குப் பெரும்பாலும் மார்க் இல்லை.

எத்தனை பக்கம் எழுதினால் நல்ல மார்க் வரும்?

பக்கத்துக்கு மார்க் கிடையாது. 5 மார்க் கேள்விக்குக் குறைந்தது ஐந்து தனித்தனிக் கருத்துகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால் ஒரு பக்கமும் போதும். ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொன்னால் அது ஒன்றுதான்.

என் கையெழுத்து நன்றாக இருக்காது. மார்க் குறையுமா?

அழகாக இருக்க வேண்டியதில்லை, படிக்க முடிந்தால் போதும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே நல்ல இடம் விடுங்கள், வரியை ஒட்டி எழுதுங்கள், ஒரு விடை முடிந்ததும் இரண்டு வரி விடுங்கள். எழுத்தை மாற்றாமலே தாள் தெளிவாகிவிடும். தப்பு வந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடியுங்கள். கிறுக்கி மறைக்க வேண்டாம், எண்களைச் சரிசெய்ய மேலேயே எழுதவும் வேண்டாம். 3ஐ 8 ஆக்கினால் அது இரண்டுமாகத் தெரியும். முக்கியமான சொற்களுக்குப் பென்சிலால் அடிக்கோடு போடலாம். எல்லா வரிக்கும் போட்டால் எதற்கும் போடாதது போலத்தான்.

கணக்கில் விடை மட்டும் சரியாக இருந்தால் போதாதா?

ஒரு சின்னக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு வண்டி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதன் வேகம் ஒவ்வொரு விநாடியும் 2 மீட்டர் கூடுகிறது. 5 விநாடியில் எவ்வளவு தூரம் போகும்? தெரிந்த அளவுகளை முதலில் எழுதுங்கள். அடுத்த வரியில் ஃபார்முலா: தொடக்க வேகத்தை நேரத்தால் பெருக்கி, அதோடு முடுக்கத்தின் (வேகம் கூடும் அளவின்) பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டுவது. அடுத்த வரியில் எண்களைப் போடுங்கள்: 10ஐ 5ஆல் பெருக்கினால் 50, முடுக்கத்தின் பாதியான 1ஐ 5இன் வர்க்கமான 25ஆல் பெருக்கினால் 25. கூட்டினால் 75 மீட்டர்.

இப்போது ஒருவர் அவசரத்தில் 5இன் வர்க்கத்தை 10 என்று எழுதிவிட்டார், விடை 60 வந்துவிட்டது. வரிவரியாக எழுதியிருந்தால் ஃபார்முலாவுக்கும் எண்களைச் சரியாகப் போட்டதற்கும் உரிய ஸ்டெப் மார்க் கிடைக்கும், போவது கடைசி ஒன்றுதான். வெறும் 60 என்று எழுதினால் எல்லாம் போச்சு. அலகை மறக்காதீர்கள், 75 என்பது விடை இல்லை, 75 மீட்டர் என்பதுதான் விடை.

இன்னொரு பழக்கமும் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்தது. விடை வந்ததும் அது நடக்கக்கூடியதா என்று பாருங்கள். இந்த வண்டி 10இல் தொடங்கி 20 வேகத்தில் முடிகிறது. முழு நேரமும் 10இல் போயிருந்தால் 50 மீட்டர், 20இல் போயிருந்தால் 100 மீட்டர். வேகம் சீராகக் கூடுவதால் விடை இரண்டுக்கும் சரி நடுவில், 75ஆக இருக்க வேண்டும். 60 வந்தவர் இதைப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தப்பைப் பிடித்திருப்பார்.

விடை தெரியாத கேள்வியை விட்டுவிடலாமா?

தப்புக்கு மார்க் குறைக்காத தேர்வில் எதையும் காலியாக விடாதீர்கள். வெற்று இடத்துக்கு மார்க் போட யாராலும் முடியாது. தெரிந்த வரையறை, தொடர்பான ஃபார்முலா, ஒரு படம், எது தெரியுமோ அதை எழுதுங்கள். கதை எழுதி நிரப்ப வேண்டாம், அது திருத்துகிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

தப்புக்கு மார்க் குறைக்கும் கொள்குறித் தேர்வில் கணக்கு வேறு. நான்கு விருப்பங்கள், சரிக்கு 1, தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதால் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விருப்பத்தை நிச்சயமாக இல்லை என்று ஒதுக்க முடிந்தால் குறிப்பது லாபம். உங்கள் தேர்வின் விதியை முன்கூட்டியே பார்த்து, இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாது என்கிறார்களே?

பலரும் சொல்வது, ஆனால் சரியில்லை. 2005ல் வெளியான ஓர் ஆய்வில் 1,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் தாள்களில் அழித்து மாற்றிய விடைகளை எண்ணிப் பார்த்தார்கள். தப்பிலிருந்து சரிக்கு மாறியவை 51 சதவீதம், சரியிலிருந்து தப்புக்கு மாறியவை 25 சதவீதம், மற்றவை ஒரு தப்பிலிருந்து இன்னொரு தப்புக்கு. மாற்றிக் கெட்டது மனதை உறுத்திக்கொண்டே இருக்கும், மாற்றி நன்றானது மறந்துவிடும், அதனால்தான் இந்த நம்பிக்கை நிற்கிறது. மாற்றக் காரணம் இருந்தால் மாற்றுங்கள். வெறும் பயத்தில் மாற்றாதீர்கள்.

அறைக்குள் போனதும் எல்லாம் மறந்துபோகிறது. கை நடுங்குகிறது.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. மறந்துபோகவில்லை, பதற்றம் வழியை அடைத்து நிற்கிறது. மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள், ஐந்தாறு முறை. அப்புறம் சின்னக் கேள்வி ஒன்றை எழுதுங்கள். எழுத எழுத மற்றவை வரத் தொடங்கும். ஒரு பெயர் நாக்கு நுனியில் நின்று வர மறுத்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இடம் விட்டு நகருங்கள், வேறு கேள்வியை எழுதும்போது அதுவாக வரும்.

பதற்றம் எப்போதும் அதிகமாக இருப்பவர்களுக்கு ஒரு வழி. தேர்வுக்குப் போகும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து, எதற்காகப் பயப்படுகிறீர்கள் என்று ஒரு தாளில் ஒளிக்காமல் எழுதுங்கள். 2011ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில், இப்படி எழுதிவிட்டுத் தேர்வுக்குப் போனவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பதற்றம் அதிகமுள்ளவர்களுக்கே அது அதிகம் உதவியது. எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டாம், அறைக்குள்ளும் கொண்டு போக வேண்டாம். பல நாள் தூக்கமில்லாமல், சாப்பிட முடியாமல் போகிறது என்றால் மட்டும் தனியாகச் சமாளிக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள்.

கடைசி 15 நிமிடத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் பதிவு எண். அடுத்து கேள்வி எண்கள். பிறகு விட்டுப்போன கேள்வி, கூடுதல் தாள்களின் வரிசை, அவற்றைக் கட்டியிருக்கிறீர்களா என்பது. அதற்கப்புறம்தான் அலகுகள், கூட்டல் கழித்தல், எழுத்துப்பிழை. சீக்கிரம் முடித்துவிட்டால் எழுந்து போக வேண்டாம், இடம் விட்டுவந்த விடைகளுக்குத் திரும்புங்கள்.

வெளியே வந்ததும் நண்பர்களோடு விடைகளைச் சரிபார்க்கலாமா?

அடுத்த தேர்வு இருந்தால் கூடாது. முடிந்த தாளில் ஒரு எழுத்தைக்கூட இனி மாற்ற முடியாது, ஆனால் அந்தப் பேச்சு அன்று மாலைப் படிப்பைக் கெடுத்துவிடும். வினாத்தாளை மடித்துப் பைக்குள் வையுங்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் தூங்கி எழுந்து, அடுத்த பாடத்தை எடுங்கள். எல்லாத் தேர்வும் முடிந்த பிறகு அந்த வினாத்தாளை ஒருநாள் வெளியே எடுத்து, எங்கே நேரம் போனது, எந்தக் கேள்வியைத் தப்பாக வாசித்தோம் என்று பார்த்து, ஒரு நோட்டில் நாலு வரி எழுதிவையுங்கள்.